போர்ச்சுகலில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம்: அவரவர் அனுபவம்

அமதோராவில் இருந்து ஓர் அம்மா

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் கோயம்புத்தூரில் இருந்து லிஸ்பனை ஒட்டிய இந்த அமதோராவுக்கு வந்து இறங்கினோம். மகளுக்கு ஏழு வயசு, மகனுக்குப் பதிமூணு. பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வீட்டுக்கு எதிரிலேயே ஒரு தொடக்கப் பள்ளி. நேராக அங்கே போய் நின்றேன். கேட்டைத் திறந்த அம்மா ஏதோ சொல்லி, தெருக்கோடியைக் கை காட்டினார். மறுக்கிறார் என்று நினைத்து, கண்ணில் தண்ணீரோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் மறுக்கவில்லை. இங்கே ஒரு வட்டாரத்தில் இருக்கும் மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, மேல்வகுப்புப் பள்ளி எல்லாம் சேர்ந்து ஒரே நிர்வாகம். அதற்கு 'அக்ருப்பமெந்து' என்று பெயர். சேர்க்கை, சான்றிதழ் எல்லாமே தலைமைப் பள்ளி அலுவலகத்தில்தான். அங்கே போகச் சொல்லித்தான் கை காட்டியிருக்கிறார். இது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

அலுவலகத்தில் கேட்டவை: பாஸ்போர்ட், 'நிஃப்' என்கிற வரி எண், முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை. நம் ஊர் அட்டையை இங்குள்ள சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால் அவர்கள் பதிவேட்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். மகனுக்கு மட்டும் பழைய வகுப்புகளின் மதிப்பெண் சான்றிதழ், அப்போஸ்டில் முத்திரையோடு (நம் ஊர்ச் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள அரசு போட்டுக் கொடுப்பது). ஊரை விட்டுக் கிளம்பும்போது என் கணவரின் டிகிரிக்கு முத்திரை வாங்கினோம், பிள்ளையின் சான்றிதழுக்கும் வேண்டும் என்று தோன்றவே இல்லை. கிளம்பும் முன் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அதையும் முடித்துவிட்டு வாருங்கள். இங்கிருந்து செய்தால் மாதக்கணக்கு.

அடுத்தது பெயர். படிவத்தில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் இருந்தது, அப்படியே ஏறிவிட்டது. முதல் மாதம் முழுக்க மகனை அவன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நம் ஊரில் அப்பா பெயரை வாயால் சொல்லவே தயங்கும் பிள்ளை. "என்னைக் கூப்பிடுற மாதிரியே இல்லம்மா" என்றான். வகுப்பாசிரியரிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே சரியாகிவிட்டது. இதை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயம். படிவத்தில் 'என்காரெகாது த எதுகசாவ்' என்று ஒரு வரி வரும். பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பான ஆள் என்று அர்த்தம். காப்பாளர் பெயர் போல ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து, வரி எண் முதலில் கிடைத்த என் கணவர் பெயரை எழுதினோம். அது சம்பிரதாயம் இல்லை. பள்ளி பேசுவது அந்த ஒருவரிடம் மட்டும். விடுப்புக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது, மதிப்பெண்ணைப் பார்ப்பது, கூட்டத்துக்கு அழைப்பது, இணையக் கணக்கின் கடவுச்சொல், எல்லாம் அவருக்கே. அவரோ காலை ஏழரைக்கு ரயில் ஏறினால் இரவுதான் வருவார். வீட்டில் இருந்த எனக்கு எதுவும் வரவில்லை. மகளுக்கு 'விடுப்புக்குக் காரணம் சொல்லப்படவில்லை' என்று ஐந்து நாள் விழுந்திருந்ததை டிசம்பரில்தான் பார்த்தோம். ஜனவரியில் பெயரை மாற்றினேன். யார் பகலில் பள்ளிக்குப் போய் நிற்க முடியுமோ அவர் பெயரை எழுதுங்கள். அதே சமயம் இன்னொன்றும் உண்டு: இடம் ஒதுக்கும்போது அந்த நபரின் வீட்டு முகவரியோடு வேலை பார்க்கும் இடத்தின் முகவரியும் முன்னுரிமைக்குக் கணக்கில் வரும். வீட்டுப் பக்கம் இடம் நெருக்கடி என்றால் இதை யோசித்துப் பார்க்கலாம்.

மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். இங்கே பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே கூட்டெழுத்தில்தான் எழுதுகிறார்கள். அவள் அச்சடித்தது போலத் தனித்தனி எழுத்தாக எழுதுவாள். பலகையில் ஆசிரியை எழுதியது அவளுக்குப் படிக்கவே வரவில்லை. மொழி தெரியாதது ஒரு பக்கம், எழுத்தே தெரியாதது போல் ஆனது இன்னொரு பக்கம். அந்த ஆசிரியை மதிய இடைவேளையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து எழுத வைத்தார். முதல் நான்கு வகுப்புக்கும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் கூடவே வருவார், அது இந்த ஊர்ப் பள்ளியின் பெரிய கொடை என்று நினைக்கிறேன்.

மகனை ஒரு வகுப்பு கீழே, ஏழாவதில் போட்டார்கள். அவன் விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஒதெமீராவில் வேலை பார்ப்பவர்

அக்கா, நான் இங்கே பெர்ரிப் பழத் தோட்டத்தில் கூடாரத்துக்குள் வேலை. மனைவியும் மகனும் போன வருஷம் வந்தார்கள். குடியேற்ற அலுவலகத்தில் அவர்களுக்குத் தேதியே கிடைக்கவில்லை. குடியிருப்பு அனுமதி கார்டு வந்தபிறகுதான் பள்ளி என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னதைக் கேட்டு இரண்டு மாதம் வீணடித்துவிட்டேன். அது தப்பு. பெற்றோரின் விசா நிலைமை எதுவானாலும் பிள்ளைக்குப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு. ஆறு வயசு முதல் பதினெட்டு வரை படிப்பு கட்டாயம், நம் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அலுவலகத்தில் போய்க் கேட்ட அன்றே பெயரை எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் நேபாளப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், பல்கேரியப் பிள்ளை ஒன்று. மகன் போர்த்துக்கீசத்துக்கு முன்னால் இந்தி பேசக் கற்றுக்கொண்டான்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்துதான் நான் வர முடியும். தொடக்கப் பள்ளியில் பாடம் முடிந்தபின் விளையாட்டு, இசை, ஆங்கிலம் மாதிரி வகுப்புகள் ஐந்தரை வரை இலவசமாக நடக்கின்றன. கட்டாயம் இல்லை, ஆனால் பெயர் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள்.

போர்ட்டோவில் இருந்து

எங்கள் வீட்டில் யாரும் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. மகன் பள்ளியில் என்ன சாப்பிடுவான் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. கேட்டவர்கள் எல்லாம் "இது மீனும் இறைச்சியும் சாப்பிடுகிற ஊர், டப்பா கட்டிக் கொடு" என்றார்கள்.

2017இல் வந்த சட்டப்படி அரசு உணவுக்கூடங்கள் எல்லாவற்றிலும் சைவ உணவு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் சைவம் என்றால் விலங்கிலிருந்து வரும் எதுவுமே கிடையாது: முட்டை, பால், வெண்ணெய், எதுவும். நம் ஊர்ச் சைவத்தைவிடக் கடுமையானது. ஆனால் அது தானாக வராது. ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்த பிறகும் முதல் வாரம் அவன் தட்டில் வெறும் சோறும் லெட்டூஸும்தான் இருந்தன என்று சொன்னான். மறுபடி போனேன், சமையற்கூடப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். சண்டை போடப் போகவில்லை, கொண்டைக்கடலையும் பயறும் நாங்கள் எப்படிச் சாப்பிடுவோம் என்று சொல்லத்தான் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, கொண்டைக்கடலை இவர்களும் வாரம் தவறாமல் சமைப்பதுதான் என்றார். அடுத்த வாரத்திலிருந்து கொண்டைக்கடலைக் குழம்பு, மொச்சை, சோயா என்று வர ஆரம்பித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாடு எப்போதும் சூப்பில் தொடங்கும். பார்வைக்குக் காய்கறி சூப் போல இருக்கும், சில நாள் அதில் 'ஷொரீசு' என்கிற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். சூப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வேளைச் சாப்பாடு 1.46 யூரோ. முந்தைய நாளே பள்ளி அட்டையில் பதிய வேண்டும். வருமானம் குறைவான வீடுகளுக்கு 'எஷ்கலாவ்' என்று படிநிலை உண்டு: முதல் படியில் சாப்பாடு இலவசம், இரண்டாவதில் பாதி விலை. பாடநூல்கள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோருக்குமே இலவசம், இணையதளத்தில் பதிந்து வவுச்சர் எடுத்துப் புத்தகக் கடையில் கொடுத்தால் போதும். பயிற்சி நூல்களைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பிராகாவில் இருந்து, யாழ்ப்பாணத்து அம்மா

எல்லாரும் எழுதினதை வாசிச்சன். நாங்கள் பிரான்ஸிலை எட்டு வருசம் இருந்திட்டு இஞ்ச வந்தனாங்கள். என்ர மகளுக்கு ஆறு வயசு. புதுப் பள்ளிக்கூடம் எண்டு முதல் கிழமை முழுக்க அழுகை. ஆசிரியை வகுப்பில இருக்கிற சாமான் ஒவ்வொண்டிலயும் பேர் எழுதி ஒட்டி வைச்சிருந்தவா. மகள் வீட்டை வந்து சொல்லுறாள்: "அம்மா, அவைக்கு எங்கட தமிழ் தெரியும்."

என்னெண்டு கேட்டால், கதிரைக்கு அவை 'கதைரா' எண்டு சொல்லினமாம். மேசைக்கு 'மேஸா'. யன்னலுக்கு 'ஜனெலா'. வாங்குக்கு (பெஞ்ச்) 'பாங்கு'. அலுமாரிக்கு 'அர்மாரியு'. காலில போடுற சப்பாத்துக்குச் சப்பாத்தே தான், ஒரு எழுத்தும் மாறேல்லை. நான் அண்டைக்கு இரவு குசினிக்குள்ள (சமையலறை) நிண்டு யோசிச்சன், குசினியே அவையின்ர 'குசீஞா' தான். பாண் (ரொட்டி), துவாய் (துண்டு), தாச்சி (வாணலி) எல்லாம் அப்பிடித்தான். நானூறு வருசத்துக்கு முந்தி அவை எங்கட கரைக்கு வந்து கோட்டை கட்டி, கோயிலை இடிச்சுப் போட்டுப் போனவை. அதையும் மறக்கேலாது. ஆனால் அவை விட்டிட்டுப் போன சொல்லு என்ர பிள்ளைக்கு இண்டைக்கு ஒரு பிடிமானமாப் போச்சு. அண்டைக்குப் பிறகு அவள் அழேல்லை.

நான் ஒரு தாளில முப்பது சொல்லு எழுதி ஆசிரியைக்குக் குடுத்தன். அவா அதை வகுப்பில எல்லாப் பிள்ளையளுக்கும் வாசிச்சுக் காட்டினவா. நவம்பர் 11 சாவ் மார்த்தீஞு (புனித மார்ட்டின்) நாளில பள்ளிக்கூட முற்றத்தில கஷ்கொட்டை சுட்டுக் குடுக்கேக்க, போர்த்துக்கீசப் பிள்ளையள் ரெண்டு பேர் வந்து என்னட்ட "சப்பாத்து, சப்பாத்து" எண்டு காலைக் காட்டினவை.

கொயிம்ப்ராவில் இருந்து ஓர் அப்பா

அமதோரா அம்மாவுக்கு ஒரு விஷயம். உங்கள் மகன் இப்போது ஒன்பதாவது என்று நினைக்கிறேன். ஐந்தாவதிலிருந்து அங்கேவரை மதிப்பெண் 1 முதல் 5 வரை, 3 வாங்கினால் தேர்ச்சி. பத்தாவதிலிருந்து 20க்கு, 10 எடுத்தால் தேர்ச்சி. என் மகள் பத்தாவதில் 13 வாங்கி வந்தபோது 'பாஸ்தானே, பன்னிரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். நம் ஊரில் ப்ளஸ் டூ மதிப்பெண்தானே கணக்கு! இங்கே அப்படி இல்லை. பல்கலைக்கழக இடத்துக்குப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்று ஆண்டின் சராசரியும், அதோடு தேசியத் தேர்வுகளும் சேரும். பௌதிக வேதியியல் தேர்வு பதினொன்றாவது முடிவிலேயே வந்துவிடும். அவளுக்கு மருந்தியல் ஆசை, கடைசி வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்தும் பத்தாவதின் அந்த எண்கள் இழுத்துப் பிடித்தன. பத்தாவது தொடங்கும் நாளிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மீண்டும் அமதோராவில் இருந்து

ரொம்ப நன்றி அண்ணா, இது தெரியவே தெரியாது. அவன் இந்த ஜூனில் ஒன்பதாவது தேர்வு எழுதுகிறான்.

அவன் கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஏழாவதில் சேர்ந்தபோது இரண்டு மாதம் கடைசி பெஞ்சில் சும்மாவே உட்கார்ந்திருந்தான். கணக்கில் மட்டும் நல்ல மதிப்பெண், அதிலும் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட வேண்டும் என்று தெரியாமல் முதல் தேர்வில் தசமக் கணக்கு எல்லாம் போனது. வரலாறு, புவியியல் எல்லாம் ஒரு சொல் புரியாது. வகுப்புப் பொறுப்பாசிரியையைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படி ஒருவர் உண்டு, பெற்றோரைச் சந்திக்க வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார். கையில் தமிழ்–போர்த்துக்கீசம் மொழிபெயர்ப்பு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். அவர்தான் சொன்னார், 'பிஎல்என்எம்' என்று தாய்மொழி அல்லாதவர்களுக்கான போர்த்துக்கீசப் பாடம் இருக்கிறது, ஒரு தேர்வு வைத்து நிலை பார்த்துச் சேர்ப்பார்கள், உங்கள் மகனுக்கு அந்தத் தேர்வையே யாரும் வைக்கவில்லை என்று. எப்படி விட்டுப்போனது என்று அவருக்கும் தெரியவில்லை. மறுவாரம் தேர்வு வைத்தார்கள். தொடக்க நிலை. இலக்கணமும் பழைய கவிதையும் இருக்கிற வழக்கமான போர்த்துக்கீசப் பாடத்திலிருந்து எடுத்து, "என் பெயர் இது, நான் இங்கே வசிக்கிறேன்" என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போது இடைநிலை. இறுதித் தேர்விலும் அந்தப் பாடத்துக்கான தாளைத்தான் எழுதப் போகிறான். இரண்டு மாதம் அவன் வாய் திறக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. சேர்க்கும் அன்றே அந்த நான்கு எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பிராகா அக்கா, உங்கள் பதிவை மகளுக்குப் படித்துக் காட்டினேன். 'கதிரை' அவளுக்குப் புதுச் சொல், நாங்கள் நாற்காலி என்போம். எங்கள் பங்குக்கு அவள் 'சாவி'யைச் சேர்க்கச் சொன்னாள், இங்கே 'ஷாவ்'. தமிழ் முதன்முதலில் (ரோமன் எழுத்தில்) அச்சில் ஏறியது 1554இல் இதே லிஸ்பனில்தான் என்று என் கணவர் சொன்னதும், பள்ளியில் போய் சொல்லப் போகிறேன் என்று குதித்தாள்.

அவள் இப்போது நான்காவது. செப்டம்பரில் ஐந்தாவதுக்கு, அந்தத் தலைமைப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர். மூன்று வருஷம் கூடவே வந்த ஆசிரியை இனி இல்லை. போன வாரம் அவருக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினாள், முழுக்கக் கூட்டெழுத்தில். எனக்கு அதைப் படிக்க வரவில்லை, அவளே பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினாள்.