பள்ளி மைதானத்தில் ஒலிபெருக்கித் தாங்கி சாயாமல் அமைப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் பள்ளியின் விளையாட்டு விழா அடுத்த வாரம் திறந்த மைதானத்தில் நடக்கவிருக்கிறது. சென்ற ஆண்டு பிற்பகல் காற்றில் ஒலிபெருக்கி ஒன்று முக்காலித் தாங்கியோடு சாய்ந்து, முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. இம்முறை பொறுப்பு என்னுடையது என்பதால் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

பதில் 1:
ஐயா, தாங்கியின் கால்களை முழுமையாக விரித்து, உயரத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமல், ஒவ்வொரு காலின் மீதும் மணல் மூட்டை வையுங்கள். நடுக்குழாயின் துளையில் பூட்டு ஊசி முழுவதும் நுழைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். திருகாணியை மட்டும் நம்பினால் ஒலிபெருக்கிப் பெட்டி மெல்லக் கீழிறங்கும். கொடித் தோரணத்தை அதில் கட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள், ஏனெனில் காற்றடிக்கும்போது அது தாங்கியையும் சேர்த்து இழுக்கும். ஈர மண்ணாக இருந்தால் கால்களுக்கு அடியில் பலகை போடுங்கள்.

பதில் 2:
மின் இணைப்பில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி வழியாகவே இணைப்பு எடுங்கள். அதன் சோதனைப் பொத்தானை விழாவன்று காலையில் அழுத்திப் பாருங்கள். டேப் சுற்றிய ஒட்டு வயர்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் ஒலியைக் கூட்டத்தானே வேண்டும்?

பதில் 2:
வேண்டாம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால், ஒரே பெட்டியை அலறவிடுவதைவிட, பின்வரிசைக்கு அருகில் சிறிய பெட்டிகளை வைப்பதே முன்வரிசைக் குழந்தைகளின் காதுகளுக்கு நல்லது.