தடைக்காலக் கணக்கு சரியாக வந்தது, தண்ணீரில்தான் கோட்டை விட்டேன்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் லோடு இறக்குகிறேன். ஐஸ் கட்டி, மீன் பெட்டி, டீசல் கேன் எல்லாம் தோளில்தான். 132 கிலோ இருந்தேன். "இந்த வேலை பார்க்கிறவனுக்கு இந்த உடம்பா?" என்பார்கள். ராத்திரி பரோட்டாவின் கைங்கர்யம், வேறென்ன. சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்ட பிறகு புதுச்சேரியில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள்.

நாள் குறிக்க ஜோசியரிடம் போகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் வேலை கிடையாது. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அதற்குள் அடங்கிவிட்டது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைதான், வெளியே சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே ஆறுவதற்குள் தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கும் என்றார்.

முதல் இரண்டு வாரம் மோரும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும். அப்புறம் மசித்த இட்லி, முட்டை வெள்ளை, காரமில்லாமல் அவித்த மீன். சரி, அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான்.

படகுகள் திரும்பக் கடலுக்குப் போனதும் முதல் வாரம் மேஸ்திரியிடம் சொல்லிப் பெட்டி எண்ணும் வேலை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் தோளில் ஏற்றினேன். பாரம் தாங்கியது. தாகம்தான் தாங்கவில்லை. முன்பெல்லாம் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வேன். இப்போது மூன்றாவது மடக்கிலேயே நெஞ்சுக்குள் கல் வைத்தது போல அடைத்து, வாந்தியாக வந்துவிட்டது. அந்தப் பயத்தில் குடிக்காமலே வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் பதினோரு மணி வெயிலில் கண் இருட்டி, ஐஸ் பெட்டி மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. எடை குறைந்த பிறகும் பிரஷர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு காரணமாம். டாக்டர் பாதியாக்கினார்.

இப்போது இடுப்பில் அரை லிட்டர் பாட்டில். ஒரு பெட்டி இறக்கினால் ஒரு மடக்கு. சாப்பிட்டால் அரை மணி நேரம் தண்ணீர் கிடையாது. "என்னண்ணே, தீர்த்தம் மாதிரி குடிக்கிற?" என்று பையன்கள் சிரிக்கிறார்கள்.

*

வில்லியனூரிலிருந்து:

அண்ணே, நான் சித்தாள் வேலை. எனக்கு இரைப்பை பைபாஸ், இரைப்பையைச் சின்னதாக்கி நேரே குடலோடு சேர்த்துவிடுவார்கள். எட்டாவது வாரம்தான் மணல் சட்டி தூக்கினேன். சைட்டில் பத்து மணிக்குச் சர்க்கரை தூக்கலாக டீயும் பன்னும் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து, சாரத்தடியிலேயே படுத்துவிட்டேன். இனிப்பு சட்டென்று குடலுக்கு இறங்கினால் அப்படித்தான் செய்யுமாம். இப்போது தூக்குவாளியில் அவித்த முட்டையும் சுண்டலும். நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, ஒன்பதாம் மாதம் முளைத்துவிட்டது. உடம்பு வலி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், வயிற்றுக்குள் புண்ணாகிவிடும் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வலிக்கு என்ன போடுகிறீர்கள்?

*

முதுநகரிலிருந்து:

எனக்கும் அதே கண்டிப்புதான் தங்கச்சி. பாராசிட்டமால், அதுவும் கேட்டுக்கொண்டுதான். மற்றபடி ராத்திரி வெந்நீர் ஒத்தடம். பி12, இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே.