மெடிச்சி குடும்பத்தின் பிட்வீன்னஸ்: இரண்டு மென்பொருளில் இரண்டு விடை ஏன்?

கேள்வி:
வணக்கம். 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் நகரத்து உயர்குடிகளின் திருமண உறவுகளை வைத்து வலையமைப்புப் பகுப்பாய்வு பழகி வருகிறேன். மெடிச்சி குடும்பத்தின் பிட்வீன்னஸ் (மற்ற குடும்பங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழிகளில் அது எவ்வளவு இடையில் நிற்கிறது என்ற அளவு), பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பில் 0.522 என வருகிறது. ஆர் மொழியின் எஸ்என்ஏ தொகுப்பிலோ 95 என்று வருவதோடு, குளோஸ்னஸ் (மற்ற எல்லோருக்கும் எவ்வளவு அருகில் உள்ளது என்ற அளவு) எல்லாக் குடும்பங்களுக்கும் பூச்சியமாகவே கிடைக்கிறது. தரவை இருமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
முதலில் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். நெட்வொர்க்எக்ஸில் 15தான் இருக்கும். ஆரில் வழக்கமாகக் கிடைக்கும் தரவில் யாரோடும் மண உறவு இல்லாத புச்சி குடும்பத்தையும் சேர்த்து 16. அந்தக் குடும்பத்தை எந்த வழியிலும் எட்ட முடியாததால் தொலைவு முடிவிலியாகி, அனைவரின் குளோஸ்னஸும் பூச்சியமாகிவிடுகிறது. எஸ்என்ஏ ஒவ்வொரு உறவையும் திசையுள்ளதாக எடுத்துக்கொண்டு இருபுறமும் எண்ணுவதால்தான் 95. ஜிமோட் (gmode, உறவுக்குத் திசை உண்டா என்று சொல்லும் அமைப்பு) என்பதை 'கிராஃப்' என மாற்றினால் 47.5 வரும். மொத்தம் 15 குடும்பங்கள் என்றால், மெடிச்சி தவிர்த்த 14 குடும்பங்களின் 91 இணைகளால் அதை வகுத்தால் உங்கள் 0.522 கிடைக்கும்; 16 என்றால், மற்ற 15இன் 105 இணைகளால் வகுத்தால் 0.452.

கேட்டவர்:
மிக்க நன்றி, சரியாக வந்துவிட்டது. இந்த எண்ணை வைத்து மெடிச்சியே அதிகாரம் மிக்க குடும்பம் என்று எழுதலாமா?

மறுமொழி 2:
அவசரப்பட வேண்டாம். தரவிலுள்ள 1427ஆம் ஆண்டின் சொத்துக் கணக்கில் ஸ்ட்ரோசி 146 ஆயிரம் லிரா, மெடிச்சி 103 ஆயிரம். ஆகவே பணம் மட்டும் விளக்கமாகாது. ஸ்ட்ரோசியின் நான்கு சம்பந்திகளில் பெருஸ்ஸி, பிஸ்கெரியோடும் காஸ்டெல்லானியோடும் கொண்டு கொடுத்த குடும்பம்; மெடிச்சியின் ஆறு சம்பந்திகளிலோ ரிடோல்ஃபி, டோர்னபுவோனி தவிர வேறு எவரும் ஒருவருக்கொருவர் உறவில்லை. மெடிச்சியை நீக்கினால் அச்சயுவோலி தனித்துப்போகும், சால்வியாத்தியும் பாஸ்ஸியும் ஒரு துண்டாகப் பிரியும். 1993இல் ஆய்வாளர்கள் ஜான் பேட்ஜெட்டும் கிறிஸ்டோபர் ஆன்செலும் இந்த அமைப்பைத்தான் மெடிச்சியின் எழுச்சிக்கு விளக்கமாக முன்வைத்தார்கள். ஆனால் அந்த ஆறு பேரில் அல்பிஸ்ஸியும் உண்டு என்பதைக் கவனியுங்கள்: 1433இல் மெடிச்சி குடும்பத் தலைவர் கோசிமோவை நாடு கடத்த முன்னின்றவர் ரினால்டோ அல்பிஸ்ஸிதான். சம்பந்தம் பண்ணியவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள் அல்லர், ஆகவே வணிக உறவுகளின் வலையையும் தனியாகக் கணக்கிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து எழுதுங்கள்.

கேட்டவர்:
மெடிச்சிக்கும் அல்பிஸ்ஸிக்கும் இடையிலான விளிம்பை (உறவுக் கோட்டை) நீக்கியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு அட்டவணைகளையும் கட்டுரையில் சேர்க்கிறேன்.