சிங்கப்பூரில் நல்ல சீனச் சிக்கன் ரைஸ் எங்கே கிடைக்கும்? பல்லடத்திலிருந்து ஐந்து நாள் பயணம்

பல்லடம் பண்ணைக்காரன்

எல்லோருக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன், இரண்டு ஷெட். இந்த பேட்ச் கோழியை ஏற்றியதும் ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நார்த்தூள் மாற்றிப் போட எப்படியும் பதினைந்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் நானும் வீட்டுக்காரியும் ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். மச்சினன் பையன் அங்கே வேலையில் இருக்கிறான், லிட்டில் இந்தியாவில் அறை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

ஊர் சுற்றுவதெல்லாம் அப்புறம். எனக்கு அங்கே வேண்டியது அந்தச் சீனர்களின் சிக்கன் ரைஸ். நம் ஊரில் சிக்கன் ரைஸ் என்றால் ராத்திரி வண்டிக்கடையில் இரும்புச் சட்டியில் சோற்றையும் பொரித்த கோழியையும் போட்டு டங் டங்கென்று கிளறித் தருவது. நான் கேட்பது அதையல்ல. தண்ணீரில் வெந்த வெள்ளைக் கோழி, கோழிக் கொழுப்பில் தாளித்த சோறு, பக்கத்தில் இஞ்சியும் மிளகாய்ச் சாந்தும் வைத்துத் தருவார்களே, அது.

2018-இல் ஒரு டூர் குழுவோடு போனேன். அவர்கள் கூட்டிப்போன கடையில் கோழி சில்லென்று இருந்தது, சோறு காய்ந்து போயிருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கோழி வளர்க்கிறவன் நான். குஞ்சு இறங்கிய முதல் வாரம் சூடு சரியாக இருக்கிறதா என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்ப்பேன். அப்படி வளர்த்த உயிர் ஒரு தட்டில் போய் வீணானதைப் பார்த்து மனசு கேட்கவில்லை.

அப்புறம் 2022 ஜூன் 1 முதல் மலேசியா, சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதுவரை மாதம் 36 லட்சம் கோழி போய்க்கொண்டிருந்தது. தீவன விலை ஏற்றமும் அதற்கு ஒரு காரணம். மக்காச்சோளமும் சோயாவும் ஏறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லவா வேண்டும்! எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு வாரம் அதே பேச்சு. அப்போது சிங்கப்பூரில் ஒரு கடைக்காரர்கள், புதுக்கோழி கிடைக்காவிட்டால் கோழி விற்பதையே நிறுத்தி வைப்போம் என்று சொன்னதாகப் படித்தேன். உறைந்த கோழியை வைத்துச் சமாளிக்க மாட்டார்களாம். கோழிக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற கடையில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அது எந்தக் கடை? வேறு எங்கெல்லாம் போகலாம்? நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்று மட்டும்: வீட்டுக்காரி மாடும் பன்றியும் தொடமாட்டாள். ஒரே கட்டையில் வைத்து வெட்டினாலும் ஆகாது.

சூலூர் பயணி

நீங்கள் சொல்வது தியான் தியான். மேக்ஸ்வெல் உணவங்காடியில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதா தடத்து ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன், அங்கிருந்து நடந்தே போய்விடலாம். நல்ல உணவகங்களைப் பட்டியலிடும் மிஷலின் வழிகாட்டி 2016-இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தபோதே, கட்டுப்படியாகும் விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான அதன் பிப் கோர்மாண்ட் பட்டியலில் இருந்த கடை. பதினோரு மணிக்கு முன்னால் போய் நின்றுவிடுங்கள், மதியம் வரிசை நீளம். வரிசை ரொம்ப இருந்தால் அதே வரிசைக் கடைகளில் ஆ டாய் என்று ஒன்று இருக்கிறது. முன்பு தியான் தியானில் சமைத்தவர் பிரிந்து போய் வைத்தது. எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

காங்கேயம் ஃபிட்டர்

அண்ணா, பதினான்கு வருடம் அங்கே கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு 2021-இல் ஊருக்கு வந்தேன். வாரத்துக்கு மூன்று நாளாவது இதுதான் என் மதியச் சாப்பாடு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், கோழியைப் பார்க்காதீர்கள், சோற்றைப் பாருங்கள். பண்ணைக்காரரிடம் இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு அரிசிம்பருப்புச் சோறு மாதிரிதான் இதுவும். அரிசிம்பருப்பை நல்லெண்ணெயோ நெய்யோ விட்டு வெறுமனே சாப்பிட முடியவில்லை என்றால், எத்தனை தொட்டுக்கை வைத்தாலும் அது தேறாதல்லவா? அங்கேயும் கணக்கு அதுதான். கோழிக் கொழுப்பை உருக்கி, பூண்டும் இஞ்சியும் வதக்கி, ஊறிய அரிசியை அதில் பிரட்டி, கோழி வெந்த தண்ணீரையே ஊற்றி, ரம்பை இலையை முடிச்சுப் போட்டு உள்ளே வைத்து வேக வைப்பார்கள். தட்டு வந்ததும் சாந்து எதையும் தொடாமல் முதலில் ஒரு கரண்டிச் சோறு வாயில் போடுங்கள். பருக்கை பருக்கையாக, லேசாக மினுமினுத்து, பூண்டு வாசம் மூக்குக்கு ஏறினால் அந்தக் கடை நல்ல கடை.

நான் வழக்கமாகச் சாப்பிட்டது தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கீழ்க்கடையில். பெயர் பெற்ற கடையல்ல. கடைக்கார அங்கிள் காலை ஏழு மணிக்கே கோழியைத் தண்ணீரில் இறக்கிவிடுவார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கவே விடமாட்டார், அதற்குச் சற்று முந்தின சூட்டிலேயே நிறுத்தி வைத்திருப்பார். வெந்ததும் எடுத்து நேராக ஐஸ் தண்ணீரில் முக்குவார். அப்போதுதான் தோல் இறுகி, தோலுக்கும் கறிக்கும் நடுவே ஜெல்லி மாதிரி ஒரு படலம் உறையும். விரலால் தொட்டால் வழுக்கும். அது இருந்தால் கோழி சரியாக வெந்திருக்கிறது, சரியான நேரத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கறி வெதுவெதுப்பாகவோ ஆறியோதான் இருக்கும் அண்ணா, அது குறையல்ல. நீங்கள் 2018-இல் சாப்பிட்டதில் சோறும் காய்ந்திருந்தது என்கிறீர்களே, அதுதான் குறை.

மிளகாய்ச் சாந்தையும் கவனியுங்கள். மிளகாய், பூண்டு, இஞ்சி, அங்கே கிடைக்கிற சின்ன எலுமிச்சை, கொஞ்சம் கோழித் தண்ணீர். புளிப்பு முன்னால் வர வேண்டும். பாட்டில் சாஸ் ஊற்றித் தந்தால் அடுத்த தடவை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய இடம் பார்க்க ஆசை இருந்தால் மிடில் ரோடு, பர்விஸ் தெருப் பக்கம் போங்கள். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த பகுதி அது. அவர்கள் ஊரில் வென்சாங் கோழி என்று ஒன்று உண்டு, அதன் வழியில் வந்ததுதான் இந்தச் சாப்பாடு. மிடில் ரோட்டில் சுவீ கீ என்ற கடையைப் பற்றி எங்கள் அங்கிள் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். 1997-இல் மூடிவிட்டார்கள். பர்விஸ் தெருவில் சின் சின் இருக்கிறது. ஆனால் அங்கே பன்றிக்கறியும் உண்டு, அண்ணிக்கு ஆகாது.

அண்ணிக்காக இன்னொன்று. வாத்தும் பன்றியும் கோழியும் சேர்த்துத் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் பெரும்பாலும் ஒரே வெட்டுக்கட்டைதான். கண்ணாடிக்குள் கோழி மட்டும் தொங்குகிற கடையாகப் பாருங்கள். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ஹலால் பலகை வைத்த மலாய்க்காரர் கடையில் நாசி ஆயாம் கேளுங்கள், மலாயில் கோழிச் சோறு என்று அர்த்தம். வறுத்த கோழியாகத்தான் அதிகம் கிடைக்கும், சோறு அதே வகை.

2016-இல் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய ஹாக்கர் சான் கடையை யாராவது சொல்வார்கள். அது சோயா சாஸில் வெந்த கோழி, வேறு சாப்பாடு. நல்லதுதான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

உணவங்காடியில் ஒரு தட்டு 4 முதல் 6 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும். தொடைக்கறி கேட்டால் கூட ஆகும், கேட்டு வாங்குங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், உட்காராதீர்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து சட்டம்.

நொய்யல்கரை அக்கா

நான் போன வருடம் மகளோடு போயிருந்தேன். வெட்டி வைத்த கோழியில் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்தது. வேகவில்லை என்று பயந்து தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன். மகள் இன்னமும் அதைச் சொல்லித் திட்டுகிறாள். அது நிஜமாகவே பச்சைக் கோழி இல்லையா?

வீட்டிலும் ஒரு தடவை செய்து பார்த்தேன். நாட்டுக்கோழி வாங்கினேன், தண்ணீரில் அந்தச் சூட்டில் அது வேகவே இல்லை, ரப்பர் மாதிரி இழுத்தது. பொன்னி அரிசி குழைந்துவிட்டது. மறுபடி பிராய்லரும் சீரகச் சம்பாவும் வைத்துச் செய்தபோது சோறு மட்டும் நன்றாக வந்தது.

பல்லடம் பண்ணைக்காரன்

அக்கா, அந்தச் சிவப்பை நான் சொல்கிறேன். கறிக்கோழியை நாற்பது நாள் சுமாருக்குப் பிடித்துவிடுகிறோம். எடை வந்திருக்குமே தவிர எலும்பு முற்றியிருக்காது. அந்த எலும்பு துளைத்துளையாக இருப்பதால் உள்ளே இருக்கும் மஜ்ஜையின் நிறம் வேகும்போது வெளியே கசிந்து கறியில் ஒட்டும். நம் வீட்டுக் குழம்பில் மஞ்சளும் மிளகாயும் அதை மறைத்துவிடுகிறது, வெள்ளைக் கோழியில் அப்படியே தெரிகிறது. அதனால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கறி எலும்பை விட்டு வர வேண்டும், நடுப்பகுதிச் சூடு 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். கறியே வழவழவென்று பச்சையாக இருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள்.

நாட்டுக்கோழிக்கு அந்தச் சமையல் ஒத்துவராது அக்கா. அதற்கு நம் பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி வரமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டு நின்று வேக வேண்டும்.

ஃபிட்டர் தம்பி, ரொம்ப நன்றி. ஐஸ் தண்ணீர் விஷயம் எனக்குப் புதுசு. ஞாயிறு ராத்திரி இறங்குகிறோம், திங்கள் காலையே மேக்ஸ்வெல் போய்விடுகிறேன்.

காங்கேயம் ஃபிட்டர்

அண்ணா, தியான் தியான் திங்கட்கிழமை விடுமுறை விடுவது வழக்கம். முதல் நாள் ராத்திரி மச்சினன் பையனை விட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கு வைத்துக்கொண்டு, திங்கள் தோ பாயோ பக்கம் போய் கோழி மட்டும் தொங்குகிற கீழ்க்கடை ஏதாவது ஒன்றில் உட்காருங்கள். சோறு முதலில்.