சூடானதும் நின்றுபோகும் பழைய புல்லட்: கார்புரேட்டரா, கரண்டா?

கரூர்வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1986 மாடல் புல்லட் 350, திருவொற்றியூரில் செய்த பழைய காஸ்ட் அயர்ன் இஞ்சின். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் இக்னிஷன் (பொறிக்கான கரண்டை விட்டு அறுக்கும் சின்ன ஸ்விட்ச்தான் பாயிண்ட்). பேட்டரி 12 வோல்ட். மாமாவுடைய வண்டி, பல வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. வீட்டுப் பின்கட்டில் வைத்து நானே பிரித்தேன். லேத்தில் போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டாயிற்று. வால்வு லேப்பிங், வயரிங், கார்புரேட்டர் கிட், பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதுசு. சேஸுக்கு பவுடர் கோட்டிங். டேங்க் உள்ளே துருவை எடுத்து கோட்டிங் ஊற்றியிருக்கிறேன். மெரூன் நிறத்தில் இருந்ததைக் கறுப்பாக்கிவிட்டேன்.

பிரச்சினை இதுதான். காலையில் ஓரிரு கிக்கில் எடுத்துவிடுகிறது, ஐடிலிங் அருமை. ஆறேழு கிலோமீட்டர் போனதும் இழுவை குறைகிறது, சைலன்ஸரில் 'டப் டப்' என்று வெடிக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கிறது. மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டர்தான் என்று சொல்லி ஜெட்டை மாற்றினார். பலன் இல்லை.

இன்னொன்று. இது சரியானதும் ஹெட்லைட்டுக்கு ஹெச்4 60/55 வாட் பல்பு, குட்டை சைலன்ஸர், எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட ஆசை. எலெக்ட்ரானிக் போட்டால் இந்தப் பிரச்சினையும் சேர்ந்தே போய்விடுமா?

தேனி_350:

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள் ப்ரோ. மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கோட்டிங் ஊற்றும்போதோ பெயிண்ட் அடிக்கும்போதோ அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்தால், உடனே வண்டியும் எடுத்தால், அதுதான் காரணம். செலவே இல்லாத சோதனை.

பழையகிக்கர்:

தம்பி, பாகத்தை மாற்றுவதை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியதில் முக்கியமான ஒரு விஷயம் இல்லை: வண்டி நின்ற அந்த நிமிஷத்தில் இல்லாமல் போனது எது? பெட்ரோலா, கரண்டா, கம்ப்ரஷனா? வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் இஞ்சின் ஆறிப்போயிருக்கும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் மெக்கானிக் கடையில் இது பிடிபடவில்லை. பிளக் ஸ்பேனர், ஒரு உதிரி பிளக், ஸ்க்ரூ டிரைவர், சின்ன பாட்டில் இவற்றை எடுத்துக்கொண்டு வண்டியை வேண்டுமென்றே நிற்கும்வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே பாருங்கள்.

கம்ப்ரஷன்: கிக்கரைக் கையால் அழுத்துங்கள். காலையில் இருந்த அதே எதிர்ப்பு இருக்கிறதா? கல் மாதிரி இறுகியிருந்தால் புது பிஸ்டன் பிடிக்கிறது, போர் கிளியரன்ஸ் போதவில்லை. அப்படியானால் நிற்பதற்கு முன்பே யாரோ பிரேக் பிடித்ததுபோல் வண்டி தானாக வேகம் குறையும். வெடிச் சத்தம் வராது. உங்கள் வண்டி வெடிக்கிறது என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. மாறாக எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் 'லொட்' என்று இறங்கினால் டேப்பட் இறுக்கமாகி வால்வு மூடாமல் நிற்கிறது. இந்த இஞ்சினில் டேப்பட்டுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வேண்டாம். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ் ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியை) விரலால் சுழற்ற வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சூட்டில் அட்ஜஸ்ட் செய்தால் கணக்கு மாறிவிடும்.

பெட்ரோல்: கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி பாட்டிலில் விடுங்கள். டேங்க் மூடி மூடியபடியே இருக்கட்டும். ஓரிரண்டு நிமிஷம் ஒரே சீராக ஓடினால் பெட்ரோல் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடலாம். தேனி சொன்ன ஓட்டையும் இதிலேயே தெரிந்துவிடும்.

கரண்ட்: உதிரி பிளக்கை கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இஞ்சின் ஹெட்டில் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். இஞ்சினிலிருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம், அந்த ஓட்டை வழியாக வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பாட்டில் பெட்ரோலைத் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். நீலமாக, தடிப்பாக, 'சடக்' என்று சத்தத்தோடு அடிக்க வேண்டும். மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் இஞ்சினுக்குப் போதாது.

வயரிங்அக்கா:

கிக்கர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹெட்லைட் கூட்டின் மேல் அம்மீட்டர் இருக்கிறதே, பலர் அதை அழகுக்கு என்றே நினைக்கிறார்கள். வண்டி நின்றதும் லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தியபடி முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடும்போது காயிலுக்கு (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் சுருளுக்கு) கரண்ட் போகும், முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும்.

முள் அசையவே இல்லை என்றால் பேட்டரி, சாவி, வயர், எர்த், இல்லாவிட்டால் பாயிண்டில் அழுக்கு. கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லை எங்கோ ஷார்ட். முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் கரண்ட் நலிந்திருந்தால் மிஞ்சுவது கண்டென்சர், காயில், பிளக் வயர், கேப். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் பாதி வண்டியை விலக்கிவிடலாம்.

பவுடர் கோட்டிங் என்று எழுதியிருந்தீர்கள். கோட்டிங் போட்ட சேஸில் எர்த் கிடைக்காது. போல்ட் உட்காரும் இடங்களில் சுரண்டினீர்களா? பேட்டரி எர்த்திலிருந்து இஞ்சினுக்குத் தனியாக ஒரு தடித்த வயர் இழுத்துவிடுங்கள்.

கரூர்வண்டி:

மிக்க நன்றி. நேற்று சாயங்காலம் பைபாஸில் ஓட்டினேன், வழக்கம்போல் நின்றது. கிக்கர் எதிர்ப்பு காலையில் இருந்ததுபோலவே. பெட்ரோல் சீராக ஓடுகிறது. மூடியைத் திறந்தபோது 'உஸ்' வரவில்லை. அம்மீட்டர் முள் அழகாக ஆடுகிறது. ஆனால் பிளக்கில் மஞ்சள் நூல்தான், அதுவும் வந்தால் வந்தது. பாயிண்ட் பெட்டி மூடியைத் திறந்துவிட்டு உதைத்தேன், பாயிண்டுக்கு நடுவே பெரிசாக நீலப் பொறி பறக்கிறது. பாயிண்ட் முகம் கருகியிருக்கிறது.

குழப்பம் என்னவென்றால் கண்டென்சர் போன மாதம் வாங்கியது.

பழையகிக்கர்:

அதுதான். பிளக்கில் வர வேண்டிய பொறி பாயிண்டில் வருகிறது. பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் சட்டென்று அறுபட்டால்தான் காயிலில் வோல்டேஜ் எகிறும். திறந்த வாயில் பொறியாகத் தாவிக்கொண்டே இருந்தால் அறுபடாது. அந்தத் தாவலை வாங்கி வைத்துக்கொள்வதுதான் கண்டென்சர் வேலை. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் கசிவது அதற்கு வழக்கமான வியாதி. காயில் போயிருந்தால் பாயிண்டில் இவ்வளவு பொறி பறக்காது.

புதுசு என்பது ஒரு தகுதியே இல்லை தம்பி. இப்போது கிடைக்கும் உதிரிகளில் தரம் ஏறி இறங்குகிறது. பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதையே மாட்டிப் பாருங்கள், ஓடினாலும் ஓடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டியில் பாயிண்ட் பெட்டி சிலிண்டருக்குப் பின்னாலேயே இருக்கிறது. கண்டென்சர் அந்தப் பெட்டிக்குள்ளே, மொத்தச் சூட்டையும் வாங்கிக்கொண்டு. ஆகவே வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பதன் வயரைக் கழற்றி இன்சுலேஷன் சுற்றுங்கள். இதை மறந்தால் பழைய கசிவு அப்படியே இருக்கும். டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் புதியதை வைத்து, அதன் வயரைக் காயிலில் பாயிண்டுக்குப் போகும் முனையில் கொடுங்கள். கண்டென்சரின் உடம்பு எர்த். அம்பாஸடர், பத்மினி கார்களின் கண்டென்சரும் ஒத்துவரும், 0.2 முதல் 0.25 மைக்ரோ ஃபாரட் வரை இருந்தால் போதும்.

பாயிண்டை எமரி தாளில் தேய்த்துப் பெட்ரோலில் துடைத்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வையுங்கள். கருகல் ஆழமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வயரிங்அக்கா:

கண்டென்சர் கிளாம்ப் உட்காரும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டாமல் மாட்டினால், மாட்டாததற்குச் சமம். பல் வைத்த வாஷர் போடுங்கள்.

வேகவண்டி:

இதெல்லாம் எதற்கு சார்? பாயிண்டைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போட்டுவிடுங்கள். நான் போட்டு மறந்தேவிட்டேன்.

பழையகிக்கர்:

போடட்டும், குற்றமில்லை. ஆனால் கோளாறு இருக்கும்போதே மாடிஃபிகேஷன் செய்தால் அடுத்த முறை நிற்கும்போது பழைய கோளாறா புதுக் கோளாறா என்று யாருக்கும் தெரியாது. எர்த் சரியில்லாத வண்டியில் எலெக்ட்ரானிக்கும் நிற்கும். வழியில் நின்றால் பாயிண்டை ஒரு காகிதத் துண்டால் துடைத்து வீடு வந்துவிடலாம், அந்த எலெக்ட்ரானிக் பெட்டியை என்ன செய்வீர்கள்? கிட் வாங்கும் முன் பேட்டரியில் எந்த முனை எர்த் என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, மாற்றிக் கொடுத்தால் கிட் காலி.

கரூர்வண்டி:

ஓடுகிறது! பத்மினி கண்டென்சர், காயில் பக்கத்தில். எர்த் வயர் இஞ்சினிலிருந்து நேராக பேட்டரிக்கு. குளித்தலை வரை போய்த் திரும்பினேன், வழியில் எங்கும் நிற்கவில்லை. போர் புதுசு என்பதால் 50ஐத் தாண்டவில்லை. என் வண்டி நெகட்டிவ் எர்த்தாகத்தான் இருக்கிறது.

மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் இஞ்சினில் 'கிணிங் கிணிங்' என்று தட்டும் சத்தம் வருகிறது. அப்புறம் அந்த ஹெச்4 பல்பு?

பழையகிக்கர்:

டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) முன்னால் போயிருக்கிறது. பாயிண்ட் இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகரும், அதனால் இடைவெளியை முடித்த பிறகே டைமிங் வைக்க வேண்டும். அட்வான்ஸ் (வேகம் ஏறும்போது பொறியை முன்தள்ளும் அமைப்பு) முழுக்கப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாள் வைத்து மெல்ல இழுத்தபடி இஞ்சினைச் சுற்றுங்கள், தாள் நழுவும் இடம்தான் திறக்கும் இடம். அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்புவதையும் பார்க்கலாம்.

வயரிங்அக்கா:

60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். காயில் மூன்று நான்கு எடுக்கும். பிரேக்கை மிதித்தால் 21 வாட் பல்பு இன்னொரு இரண்டு ஆம்பியர் பக்கம். ஐடிலிங்கில் அந்தக் கால ஆல்டர்னேட்டரால் இவ்வளவு கொடுக்க முடியாது. இரவில் சிக்னலில் நின்று நின்று ஓட்டினால் பேட்டரி இறங்கும், காயிலுக்கு வோல்டேஜ் குறையும், மறுபடி நிற்கும். நீங்களும் கண்டென்சரைத் திட்டுவீர்கள்.

முதலில் இருக்கிற பல்போடு இரவில் ஓட்டிப் பாருங்கள். லைட் எரியும்போது ஓட்டத்தில் முள் நடுவிலோ கூட்டல் பக்கமோ நின்றால்தான் மிச்சம் இருக்கிறது. கழித்தலில் நின்றால் பெரிய பல்பை மறந்துவிட்டு, ரிலே (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து நேர் வயர் கொடுங்கள். பழைய ஸ்விட்ச் வழியாகச் சுற்றிப் போகும்போது தின்னும் வோல்டேஜ் திரும்பக் கிடைத்தாலே அதே பல்பு பளிச்சென்று எரியும்.

தேனி_350:

மெரூனைக் கறுப்பாக்கினேன் என்றீர்களே, ஆர்.சி.யில் நிறம் மாற்றினீர்களா? ஆர்.டி.ஓ.வில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 1986 வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியதும் இருக்கும். அன்றைக்கு வண்டியைக் காட்டும்போது குட்டை சைலன்ஸர் மாட்டியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பழைய நீள சைலன்ஸரை விற்றுவிடாதீர்கள்.

கரூர்வண்டி:

சைலன்ஸர் ஆசையை விட்டுவிட்டேன். நிறத்துக்கு விண்ணப்பிக்கிறேன். கடைசியாக ஒன்று: ரெண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் கிக் கனமாக இருக்கிறது, எடுத்ததும் கொஞ்ச நேரம் வெண்புகை. பிஸ்டன் ரிங் புதுசுதானே?

பழையகிக்கர்:

ரிங்கைத் தொடாதீர்கள். இந்த இஞ்சினில் ஆயில் தொட்டி அடி வார்ப்பிலேயே இருக்கிறது. வண்டி சும்மா நின்றால் பம்ப் வழியாக ஆயில் க்ராங்க் பக்கம் கசிந்து சேரும். எடுத்ததும் பம்ப் அதைத் திருப்பி ஏற்றிவிடும், புகையும் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் ஆயில் அளவு பார்த்துக் குறைவு என்று ஊற்றிவிடாதீர்கள், ஓட்டிவிட்டுப் பாருங்கள். சில நாளிலேயே மொத்த ஆயிலும் இறங்குகிறது என்றால் பம்ப் முகத்தை லேப்பிங் செய்ய வேண்டும். அதற்கு முன் வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுங்கள்.