தீக்குச்சி மிச்சம் பிடித்த அப்பாக்கள்

பல்லடத்துக்காரி:

மகன் கல்லூரி நூலகத்திலிருந்து ‘மவுஸ்’ கொண்டுவந்திருந்தான். நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்துவந்த தன் அப்பாவின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மேன் படங்களாக வரைந்த புத்தகம். யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை. படக்கதைதானே, மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். மூன்று நாள் ஆனது. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பக்கங்களைக்கூடத் தாண்டிவிட்டேன், ஒரு தீக்குச்சியைத் தாண்ட முடியவில்லை. ஆர்ட் ஸ்பீகல்மேனின் அப்பா விளாடெக் கோடைக்குத் தங்கும் வீட்டில் கேஸும் வாடகையில் சேர்த்தி. அதனால் குச்சி மிச்சமாகட்டும் என்று நாளெல்லாம் அடுப்பை எரியவிட்டிருப்பார்.

சிரித்துவிட்டேன். எங்கப்பாவேதான். எங்களுக்கு நாலு தறி. தார்க்குச்சியில் மிஞ்சுகிற நூலை நானும் தம்பியும் பள்ளி விட்டு வந்ததும் உருவி, முடி போட்டு, உருண்டையாகச் சுற்றி வைக்க வேண்டும். ஒரு முழம் நூல் குப்பையில் கிடந்தால் அன்று ராத்திரி சோறு கிடையாது. அடியும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

“அவரு பட்ட பாடு அப்படி” என்பார் அம்மா. உண்மைதான். கிணறு மேல் கிணறாக வெட்டியும் தண்ணீர் வராமல் அப்பாரு, அப்பாவின் அப்பா, தோட்டத்தை விற்றார். அப்பாவை ஒன்பது வயதில் பண்ணையத்துக்கு, அடுத்தவர் தோட்டத்தில் தங்கி வேலை செய்ய, விட்டார்கள். ஆனால் விளாடெக்கின் இரண்டாவது மனைவி மாலா ஓரிடத்தில் பொரிந்து தள்ளுவார்: நானும்தான் முகாமில் இருந்தேன், நம் சிநேகிதர்கள் எல்லாரும் இருந்தார்கள், யார் இவரைப் போல இருக்கிறார்கள்? எனக்கு அத்தை ஞாபகம் வந்தார். அதே வீட்டுப் பட்டினிதான். அவர் களி கிண்டினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கோபிக்காரன்:

அக்கா, சரிதான். ஆனால் அத்தையைப் பண்ணையத்துக்கு விடவில்லையே?

வியட்நாமில் பிறந்து அமெரிக்காவுக்கு அகதியாகப் போன தி புயி என்ற பெண் 2017இல் தன் குடும்பக் கதையை வரைந்து வெளியிட்டார். வீட்டிலேயே கிடந்து, சிகரெட் புகையோடு பேய்க்கதை சொல்லிப் பிள்ளைகளை நடுங்கவைக்கிற அப்பா. அவரே சின்னப் பையனாகப் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து குழிக்குள் ஒளிந்திருந்ததைப் பிறகு மகள் வரைகிறார். மகளுக்கு வந்தது அந்தப் பயம்தான்.

ஆர்ட் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்த மாதிரி நானும் போனை எங்கப்பா முன்னால் வைத்தேன். “அதையெல்லாம் எதுக்குக் கண்ணு கிளறிக்கிட்டு” என்றவர், நாற்பது நிமிடம் அந்தியூர்ச் சந்தையில் எருமை பிடித்த கதையைச் சொன்னார். நடுவே ஒரே ஒரு வரி: அவங்கப்பா குடிக்கப் போனவர் திரும்பவில்லையாம். “ராத்திரி முச்சூடும் கவுத்தப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். எட்டு வயசு.” உடனே எருமை விலைக்குப் போய்விட்டார்.

இன்றைக்கும் கட்டுத்தறி முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் படுக்கமாட்டார். நான் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

பெருந்துறையிலிருந்து:

செத்துப்போன மனைவி, ஆர்ட்டின் அம்மா, எழுதிவைத்த நோட்டுகளை எரித்துவிட்டேன் என்று விளாடெக் சொன்னதும் மகன் ‘கொலைகாரன்’ என்கிறான். நான் அதோடு நிறுத்திவிட்டேன். எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. எரிக்கவும் ஒன்றுமில்லை.

பல்லடத்துக்காரி:

கோபித் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று அப்பாவிடம் அந்தத் தீக்குச்சிப் பக்கத்தைக் காட்டி விவரம் சொன்னேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“வெவரமான ஆளு அம்மிணி” என்றார். “கேஸு வாடகைலயே சேர்த்திங்கறப்ப எதுக்குக் குச்சிய வீணாக்கோணும்?”