பூட் பென் டிரைவ்: இன்னும் மனதை விட்டுப் போகாத சம்பவம் எது?

கடலோரன் (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

கேட்டவன் நான்தான், நானே தொடங்குகிறேன். பூட் பென் டிரைவ் என்றால், கணினியைத் தொடங்கவும் அதில் விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றை நிறுவவும் உதவும் பென் டிரைவ்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து எங்கள் தெருவில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வருகிறார்கள். கோயில் தமிழ் வகுப்புக்கு வரும் ஒரு பெரியம்மாவும் வந்தார். ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 ஏற்காது, மின்ட் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்று பேசி முடித்தோம். அவருடைய கணவர் காலமாகிவிட்டார். தைப்பூசக் காவடிக்கு அவர் பாடிய பாட்டுகளின் பதிவு முழுவதும் அந்த வட்டில்தான் இருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று, நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஏற்றினேன். ஏறியது. வட்டைத் திறந்தால் பூட்டியிருக்கிறது. சரி, விண்டோஸுக்குள்ளேயே போய் நகலெடுப்போம் என்று திரும்ப இயக்கினால் நீலத்திரை. வட்டைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது.

சாவி இறந்துபோன கணவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, அவருடைய கைப்பேசி எண்ணும் கைவிட்டுப் போய்விட்டது. பெரியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரை எண் கேட்கிறது என்று புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த எண்களைச் சொல்லத் தொடங்கினார். கல்யாண வருடம். மூத்த மகன் பிறந்த தேதி. மெரிபேங்கில் குடியிருந்தபோது இருந்த வீட்டுத் தொலைபேசி எண். "இதைப் போட்டுப் பார் தம்பி, அவர் எல்லாவற்றுக்கும் இதைத்தான் வைப்பார்." ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என் விரலையே பார்த்தார். என்னால் ஒன்றையும் தட்ட முடியவில்லை.

கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புக்குப் போய் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கினேன். விண்டோஸ் சாவி கேட்காமலே திறந்தது. பாட்டுகள் இப்போது இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் அவர் எண் சொன்ன குரல் காதிலேயே நிற்கிறது.

ஃபீனிக்ஸ் வாசி

எனக்கு நடந்தது 2023-இல், லோட் ஷெடிங் என்ற அட்டவணை மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். எதிர் வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. மடிக்கணினி விண்டோஸுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டுரையை நள்ளிரவுக்குள் அனுப்பியாக வேண்டும். என் மேசைக் கணினியில் பூட் பென் டிரைவ் உருவாக்கும் ரூஃபஸ் நிரலைத் திறந்து மெமரி ஸ்டிக்கில் எழுத விட்டேன். பச்சைப் பட்டை முக்கால்வாசி தாண்டியிருக்கும், பொட்டென்று இருட்டு. அட்டவணையில் எங்கள் பகுதிக்கு அந்த நேரம் போடப்படவே இல்லை. ஸ்டிக்கின் முனையில் மினுங்கிய சின்ன விளக்கும் அணைந்தது. அந்தப் பெண் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், விட்ட இடத்திலிருந்து எழுதுமா, முதலிலிருந்தா?" என்றாள். முதலிலிருந்துதான். மின்சாரம் வர இரண்டு மணி நேரம் ஆகும். கட்டுரையைக் கைப்பேசியிலேயே தட்டி முடித்தாள், அடிக்குறிப்புகள் உட்பட. அந்தப் பெண்ணின் பொறுமையை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

நீலமலை

என் கதை சின்னது. மாமா மகனுடைய புது மடிக்கணினியில் விண்டோஸ் 11 நிறுவப் போனால், வட்டே இல்லை என்றது. வட்டை நிறுவல் நிரலுக்குக் காட்டும் இன்டெல் விஎம்டி இயக்கியைத் தனியாகப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. வட்டே செத்துப்போயிற்று என்று அவன் அழும் நிலைக்கு வந்துவிட்டான்.

கடலோரன் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செக்யூர் பூட்டை எதற்கு அணைக்க வேண்டும்? உபுண்டு, மின்ட் என்ற இரண்டு லினக்ஸின் தொடக்க நிரலிலும் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்கிறது, செக்யூர் பூட் இயங்கியபடியே ஏறும். வேலை தொடங்கும் முன், விண்டோஸ் நன்றாக ஓடும்போதே, அமைப்புகளில் சாதனக் குறியாக்கம் (பிட்லாக்கரேதான்) இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்கு அது தானாகவே இயங்கியிருப்பது தெரியாது. இயங்கினால் மீட்புச் சாவியை அங்கேயே எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். அதன் பிறகே பயாஸ் பக்கம் போக வேண்டும். நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பை வெளியிட்டவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, அங்கே கொடுத்திருக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். ரூஃபஸில் புதிய கணினிக்கு வட்டுப் பிரிப்பு முறையாக ஜிபிடி, தொடக்க முறையாக யுஇஎஃப்ஐ. யுஇஎஃப்ஐ இல்லாத பழைய கணினிக்கு எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை. ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் ஒரு கோப்பு நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது, விண்டோஸின் நிறுவல் கோப்போ அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே வெறுமனே இழுத்துப் போட்டு நகலெடுத்தால் பாதியில் நிற்கும். ரூஃபஸ் அதற்கு வேறு வழி செய்துகொள்கிறது. எழுதி முடிந்ததும் பிடுங்காதீர்கள், 'பாதுகாப்பாக வெளியேற்று' கொடுங்கள். லினக்ஸில் டிரைவில் எழுதும் டிடி கட்டளை முடிந்தது என்று சொன்னாலும் கடைசிப் பகுதி நினைவகத்திலேயே நின்றிருக்கும், சிங்க் என்ற கட்டளையைக் கொடுத்து முடியும்வரை காத்திருங்கள். ஃபீனிக்ஸ் வாசிக்கு: மின்வெட்டுக் காலத்தில் இந்த வேலைக்கு மேசைக் கணினி ஆகாது. சார்ஜ் நிறைந்த மடிக்கணினியில் எழுதுங்கள்.

கடலோரன்

தம்பி நீலமலை, அணைக்காமல்தான் முதலில் போட்டேன். 'பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்று எழுதிவிட்டு அணைந்துபோயிற்று. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்பு வந்த பிறகு பழைய ஷிம் (மைக்ரோசாஃப்ட் கையொப்பமுள்ள தொடக்க நிரல்) உள்ள லினக்ஸ் டிரைவ்களைப் பல கணினிகள் இப்படித்தான் திருப்பி அனுப்பின. சாவியைக் காகிதத்தில் எழுதச் சொன்னது நியாயம். அதைச் செய்ய வேண்டியவர் உயிரோடு இல்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா

நீங்கள் எல்லாம் பென் டிரைவைப் பேசுகிறீர்கள். யுஎஸ்பியிலிருந்து எழத் தெரியாத கணினிகளோடு காலம் கழித்தவன் நான். இந்த நாட்டின் வெல்கம் என்ற ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் உபுண்டுவைத் தொடங்கினார். அப்போது இந்த நாட்டில் தொலைபேசிவழி டயல்-அப் இணையத்தில் ஒரு சிடி அளவு இறக்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. அவருடைய அறக்கட்டளை ஃப்ரீடம் டோஸ்டர் என்று பெட்டிகளை வைத்திருந்தது. வெற்று சிடியைக் கொண்டுபோனால் லினக்ஸை எழுதித் தந்துவிடும், காசு இல்லை. அதில் என் முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு ஜூலுப் பையன் நின்றான். தட்டு வெளியே வந்ததும் சூடான சிடியை நுனிவிரலால் பிடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஐயா, இது வீட்டில் இருக்கும் பெட்டியில் எழும்புமா?" என்று கேட்டான். என்ன பெட்டி, எவ்வளவு நினைவகம் என்று நான் விசாரிப்பதற்குள் டாக்ஸி வந்துவிட்டது, ஓடிவிட்டான். அது எழும்பியதா என்று எனக்கு இதுவரை தெரியாது. 256 எம்பிக்குக் குறைந்திருந்தால் திணறியிருக்கும்.

டோங்காட்காரன்

நீலமலை அண்ணா, ஷா-256 ஒத்துப்போனால் போதும் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். போதாது. அது இறக்கிய கோப்பு சரி என்று மட்டும்தான் சொல்லும்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, ஊரில் ஒரு மளிகைக் கடையின் பில் கணினிக்கு விண்டோஸ் திரும்பப் போடப் போனேன். ஐஎஸ்ஓ சரியாகவே இருந்தது. கோப்புகளை விரிக்கும் கட்டத்தில் நிறுவல் நின்று, தேவையான கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. திரும்ப எழுதினேன், அதே இடம். வாசல்வரை வரிசை. முறுக்கு மாவும் நெய்யும் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நிற்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி கோபப்படவே இல்லை. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பில் கொடுக்கத் தொடங்கினார். அந்த அட்டையைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

வீட்டில் வந்து டிரைவின் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ நிரலைப் போட்டுப் பார்த்தேன். உறையில் 64 ஜிபி என்று அச்சடித்த டிரைவில் நான்கு ஜிபிகூட உண்மையில் இல்லை. அதற்குமேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகிறது, கணினியோ எழுதிவிட்டதாகவே சொல்கிறது. ரூஃபஸிலேயே பழுதுப் பகுதிகளைச் சோதிக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது, போலி டிரைவை அதுவே காட்டிக்கொடுக்கும். நேரம் எடுக்கும்தான், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். எட்சர் என்ற எழுதும் நிரல் என்றால் எழுதிய பிறகு தானே படித்துச் சரிபார்க்கும். லினக்ஸ்காரர்களுக்குக் கொள்ளளவைச் சோதிக்க எஃப்3 இருக்கிறது.

அண்ணாச்சி கடையில் மாலைக்குள் வேறு டிரைவ் வைத்து முடித்துவிட்டேன். அட்டையில் எழுதியிருந்த கணக்கை எல்லாம் நானே உட்கார்ந்து கணினியில் ஏற்றிக் கொடுத்தேன்.